பல்கலைக்கழகத்துக்குச் சூப்பர் கம்ப்யூட்டர்: டெண்டரிலேயே தொடங்கும் தவறுகள்

தேசிய சூப்பர்கம்ப்யூட்டிங் திட்டத்துக்கு மத்திய அரசு 2015-ல் 4,500 கோடி ரூபாய் ஒதுக்க ஒப்புக்கொண்டது. அதன் பிறகு உயர்கல்வி நிறுவனங்களுக்குப் பெரிய கணினிகள் ஒவ்வொன்றாக வந்தன. 2019-ல் வாரணாசி ஐஐடிக்குப் பரம் சிவாய், 2022 மே மாதம் திருச்சி என்ஐடிக்கு 838 டெராஃப்ளாப்ஸ் (ஒரு டெராஃப்ளாப்ஸ் என்றால் நொடிக்கு ஒரு லட்சம் கோடி கணக்கு) திறனுள்ள பரம் பொருள். நல்ல விஷயம்தான். ஆனால் அடுத்து வாங்கப்போகிறவர்கள் இந்த டெராஃப்ளாப்ஸ் எண்ணிலேயே மயங்கிவிடக் கூடாது.

டெண்டரில் ‘இத்தனை பெட்டாஃப்ளாப்ஸ்’ (ஒரு பெட்டாஃப்ளாப்ஸ் என்பது ஆயிரம் டெராஃப்ளாப்ஸ்) என்று மட்டும் எழுதுவதுதான் பெரிய தவறு. ஜப்பானின் ஃபுகாகு சூப்பர்கம்ப்யூட்டரையே எடுத்துக்கொள்வோம். சமன்பாடுகளைத் தீர்க்கவைத்துக் கணினியின் வேகத்தை அளக்கும் லின்பேக் சோதனையில் அது 442 பெட்டாஃப்ளாப்ஸ் காட்டியது. நினைவகத்தில் சிதறிக் கிடக்கும் தரவை இழுத்து வந்து கணக்குப் போடும் எச்பிசிஜி சோதனையில் வெறும் 16. இத்தனைக்கும் அந்தச் சோதனையில் உலகிலேயே முதலிடம் பிடித்த இயந்திரம் அது! வானிலை, திரவ ஓட்டம் போன்ற கணக்குகள் இந்த இரண்டாவது வகைக்குத்தான் நெருக்கம். அதனால் நம் ஆய்வாளர்கள் தினமும் ஓட்டும் நான்கைந்து நிரல்களை, நிஜமான உள்ளீட்டோடு விற்பவர்களிடம் கொடுத்து, எத்தனை மணி நேரத்தில் முடியும் என்று கேட்க வேண்டும். சொன்ன நேரத்தை ஒப்பந்தத்தில் எழுதி, நிறுவிய பிறகு அதே நிரல்களை ஓட்டிப் பார்த்துத்தான் பணத்தை விடுவிக்க வேண்டும்.

எல்-1 விலையை, அதாவது டெண்டரில் வந்ததிலேயே குறைந்த விலையை, பார்க்கும்போது கரண்ட் பில் மறந்துபோகிறது. 500 கிலோவாட் இழுக்கும் இயந்திரம் வருடம் முழுக்க ஓடினால் 43.8 லட்சம் யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்தாலே மூன்றரைக் கோடி. குளிரூட்டும் செலவு தனி. ஐந்து வருட மின்செலவையும் கூட்டித்தான் விலைகளை ஒப்பிட வேண்டும்.

ஆர்டர் போட்ட பிறகு கட்டடம், மின் இணைப்பு, குளிரூட்டும் சில்லர் என்று ஓடுவதும் வேண்டாம். பெட்டி பிரிக்காமல் கிடக்கும் மாதங்களில் வாரண்டி கரைந்துவிடும். இயந்திரத்தைச் சோதித்து ஏற்றுக்கொண்ட தேதியிலிருந்தே வாரண்டி தொடங்கும்படி எழுதி வாங்குங்கள்.

எனக்கு அதிகம் வருத்தம் தருவது ஆள் விஷயம். கோடிகளில் இயந்திரம், பார்த்துக்கொள்ள ஒப்பந்தத்தில் ஒரே ஓர் இளைஞர். ஒரு பிஎச்டி மாணவி ஓட்டக் கொடுத்த நிரல் வரிசையில் மூன்று நாள் காத்திருந்து, ஓடத் தொடங்கியதுமே ஏதோ மென்பொருள் லைப்ரரி பிழையில் நின்றுபோனால் அவர் யாரிடம் போவார்? குறைந்தது இரண்டு சிஸ்டம் அட்மின், நிரல்களை வேகப்படுத்தத் தெரிந்த ஒருவர், இவர்களின் சம்பளம் முதல் திட்ட மதிப்பீட்டிலேயே இருக்கட்டும். கருவி வாங்கும் தலைப்பில் வந்த பணத்தை அப்புறம் சம்பளத்துக்கு மாற்றுவது எளிதில் நடக்கிற காரியமில்லை.