முன்சக்கர மூடியும் மேல்காற்றும்

ஆனி, ஆடியில் நெல்லை மாவட்டத்தில் காவல்கிணறு தாண்டிப் பணகுடிப் பக்கம் பைக் ஓட்டுகிறவர்களுக்கு மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து அடிக்கிற காற்று, தெரியும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வந்து இடப்பக்கம் அறையும். செகண்ட்ஹேண்டில் வாங்கிய என் வண்டியில் பழைய ஓனர் இரண்டு சக்கரத்துக்கும் அழகுக்காக ஸ்போக்கை முழுசாக மறைக்கிற தட்டு மூடி போட்டிருந்தார். காற்று அடிக்கும்போதெல்லாம் ஹேண்டில்பார் கையில் வெட்டும், வண்டி மீடியன் பக்கம் நகரும்.

டயர் காற்று, ஸ்டீயரிங் பேரிங் எல்லாம் சரி. அப்புறம்தான் முன்மூடியைக் கழற்றினேன். முன்சக்கரம் ஹேண்டிலோடு சேர்ந்து திரும்புவது. மூடியிருந்தால் காற்று அதைப் பாய்மரம்போல் பிடித்து ஸ்டீயரிங்கையே திருப்பப் பார்க்கும். ஸ்போக் மட்டும் என்றால் பெரும்பகுதி இடைவெளியில் புகுந்து போய்விடும். வெட்டல் நன்றாகக் குறைந்தது. பின்சக்கரம் ஸ்டீயரிங்கோடு திரும்பாது. அந்த மூடியால் பெரிய தொல்லை இல்லை. அது இன்னும் வண்டியில்தான் இருக்கிறது, பையனுக்குப் பிடிக்குமாம்.