முதல் கவளத்தில் அடங்கிய வயிற்று உப்புசம்

மதிய உணவு முடிந்த சிறிது நேரத்தில் வயிறு உப்பிவிடும். ஏப்பம் மாலைவரை ஓயாது. அமில முறிவு மாத்திரை எரிச்சலைத் தணித்ததே தவிர, உப்புசத்தைத் தொடவில்லை. இரவில் வெந்நீருடன் திரிபலா எடுத்தேன். மலச்சிக்கல் தீர்ந்தது, வாயு அப்படியே இருந்தது.

பிறகு ஆயுர்வேத மருத்துவர் ஒருவர் ஹிங்வாஷ்டக சூரணம் கொடுத்தார். பெருங்காயம், சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், இருவகைச் சீரகம், இந்துப்பு என எட்டுச் சரக்குகள். சாப்பாட்டுக்குப் பின் வெந்நீரில் குடித்தேன், பலன் சொற்பம். அடுத்த முறை அவர் முதலில் கேட்டதே, "எப்போது, எதோடு எடுக்கிறீர்கள்?" என்றுதான். நெய்யில் குழைத்து, உணவின் முதல் கவளத்தோடு உண்ண வேண்டுமாம். எனக்குத் தந்த மருந்துச் சீட்டில் இந்த விவரம் இல்லை. அப்படி மாற்றிய அந்த வாரமே உப்புசம் அடங்கியது, பெரிய நிம்மதி.

இந்துப்பும் உப்புதான், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்தச் சூரணத்தைத் தொட வேண்டாம்.