போஷ் பயிற்சி: முதல்முறை நடத்துபவர்களுக்கு

பெங்களூரு பொம்மசந்திராவில் எண்பது பேர் வேலை செய்யும் ஒரு யூனிட்டில் எனக்கு ஹெச்ஆர் வேலை. பாதிப் பேர் ஓசூர் பக்கத்திலிருந்து கம்பெனி வேனில் வருகிறவர்கள். போஷ் என்றால் பணியிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் சட்டம். அதைப் பற்றி நான் நடத்திய முதல் பயிற்சியைக் கேட்டால் சிரிப்பீர்கள்: ஆங்கிலத்தில் நாற்பது ஸ்லைடு, ஆளுக்கொரு சமோசா, பதிவேட்டில் கையெழுத்து. மறுவாரம் பேக்கிங்கில் இருக்கும் அக்கா ஒருவர் வந்து, “கமிட்டி கமிட்டின்னு சொன்னீங்களே மேடம், அது எந்த ரூம்ல இருக்கு?” என்றார். இப்போது நான் செய்யும் முறை இது.

படி 1: முதலில் குழு

10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு இருந்தாக வேண்டும் என்கிறது 2013இல் வந்த இந்தச் சட்டம். பாலியல் துன்புறுத்தல் புகாரை வாங்கி விசாரிப்பது இந்தக் குழுதான். ஆபீஸில் ஐசி (இன்டர்னல் கமிட்டி) என்பார்கள். தலைவர் மூத்த பெண் ஊழியர். ஊழியர்களில் குறைந்தது இருவர். வெளியாள் ஒருவர், தொண்டு நிறுவனத்தைச் சேர்ந்தவராகவோ இந்த விஷயம் தெரிந்தவராகவோ. பாதிப் பேராவது பெண்கள். பயிற்சி நாளில் இவர்களை வரவழைத்து எழுந்து நின்று பெயர் சொல்லச் சொல்லுங்கள். அந்த அக்காவின் கேள்விக்குப் பதில் அதுதான்.

படி 2: ஆட்களைப் பிரியுங்கள்

ஒரு தடவைக்கு இருபது, இருபத்தைந்து பேர் போதும். தமிழ், கன்னடம், இந்தி என்று மொழிவாரியாகப் பிரித்தால் வாய் திறப்பார்கள். சூப்பர்வைசர்களுக்குத் தனி வகுப்பு. அவர்கள் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தால் முன்வரிசை பேசாது. காண்டிராக்ட் ஆட்கள், தொழில் பழக வந்த பிள்ளைகள், செக்யூரிட்டி, கேன்டீன்காரர்கள் எல்லாரும் சட்டத்தின் பார்வையில் ஊழியர்கள்தான். விட்டுவிடாதீர்கள்.

படி 3: வகுப்பு

பாலியல் துன்புறுத்தலில் சட்டம் ஐந்து வகை சொல்கிறது: தொடுதல் அல்லது அத்துமீறி நெருங்குதல், பாலியல் இணக்கம் கேட்பது, ஆபாசமாகப் பேசுவது, ஆபாசப் படம் காட்டுவது, அப்புறம் விருப்பமில்லாத வேறு எந்தப் பாலியல் நடத்தையும், பார்வையோ சைகையோ கூட. இதைப் படித்துக் காட்டினால் தூங்கிவிடுவார்கள். நான் சீட்டு எழுதிப் போடுகிறேன். ஒருவர் எடுத்துப் படிப்பார், மற்றவர்கள் தப்பா இல்லையா என்று சொல்வார்கள். எல்லாம் நம் இடத்தில் நடக்கக்கூடியவை. வேனில் பக்கத்து சீட்டுக்காரர் சாய்ந்துகொண்டே வருவது. ஷிப்ட் வாட்ஸ்அப் குரூப்பில் வந்து விழும் வீடியோ. “ஓவர்டைம் வேணும்னா சாயங்காலம் தனியா வந்து பாரு.” வேனும் பணியிடமா என்று யாராவது கேட்பார்கள். ஆம், கம்பெனி ஏற்பாடு செய்த வண்டியும் பணியிடம்தான்.

எங்களிடம் அதிகம் பேச்சு கிளப்பிய சீட்டு இது: “தோளில் கை வைத்தார். கேட்டால், தங்கச்சி மாதிரி நினைச்சுத்தான் வச்சேன் என்கிறார்.” நம் ஆட்களில் எல்லாரும் எல்லாருக்கும் அண்ணன், தங்கச்சி. அந்த உறவுமுறை பல நேரம் பாதுகாப்பு, சில நேரம் போர்வை. ஒரு வகுப்பில் ஓர் ஆண், “தப்பா நினைச்சா அது அவங்க மனசு” என்றார். பின்னாலிருந்து ஒரு பெண், “உங்க சொந்தத் தங்கச்சி கையை எடுண்ணான்னு சொன்னா எடுப்பீங்கல்ல?” என்று கேட்டார். அறையே அமைதியாகிவிட்டது. அவள் அதை விரும்பினாளா என்பதே கேள்வி, அவர் என்ன நினைத்தார் என்பது இல்லை. இதை நான் அரைமணி நேரம் விளக்கியும் இவ்வளவு தெளிவாக வந்ததில்லை.

சட்டம் எங்கிருந்து வந்தது என்பதையும் இரண்டு நிமிஷம் சொல்லுங்கள். ராஜஸ்தானில் அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் வேலை செய்த பன்வாரி தேவி, ஒரு குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனதற்காக 1992இல் கூட்டு வன்கொடுமைக்கு ஆளானார். அதையொட்டிய வழக்கில்தான் 1997இல் உச்ச நீதிமன்றம், பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க விசாகா நெறிமுறைகளைத் தந்தது. 2013 சட்டத்துக்கு அடிப்படை அவைதான்.

படி 4: ஒருவர் வந்து சொன்னால்

சூப்பர்வைசர் வகுப்பின் பாதி நேரம் இதற்கே போகட்டும். முதலில் சொல்லக் கூடாதவை: “அப்பவே ஏன் சொல்லலை?”, “அவர் அப்படிப்பட்ட ஆளில்லையே”, “நமக்குள்ளயே பேசி முடிச்சுக்கலாம்.” கடைசியாகச் சொன்னதுதான் மோசம். சூப்பர்வைசர் பஞ்சாயத்து பண்ணக் கூடாது. புகார் கொடுத்தவர் தானாகக் கேட்டால் மட்டும் குழு சமரசத்துக்கு முயலலாம். அதிலும் பணம் கொடுத்து முடிக்க முடியாது.

“சொன்னது நல்லது. இதை நான் வெளியே பேச மாட்டேன். குழுவிடம் சேர்ந்து போகலாமா?” இவ்வளவு போதும். ஜோடி ஜோடியாக நிற்க வைத்து வாயால் சொல்லிப் பழக்குங்கள். முதல் தடவை எல்லாருக்கும் நாக்குத் தடுமாறும்.

புகார் எழுத்தில், கடைசிச் சம்பவத்திலிருந்து 3 மாதத்துக்குள். தக்க காரணம் இருந்தால் குழு மேலும் 3 மாதம் வரை நீட்டிக்கலாம். எழுத முடியாதவருக்குக் குழுவே உதவ வேண்டும். விசாரணை 90 நாளுக்குள் முடிய வேண்டும். அதுவரை புகார் கொடுத்தவர் எழுதிக் கேட்டால், அவரையோ புகாருக்கு ஆளானவரையோ இடம் மாற்றவோ, புகார் கொடுத்தவருக்கு 3 மாதம் வரை விடுப்பு தரவோ குழு பரிந்துரைக்கலாம். புகார் கொடுத்தவர் போலீஸுக்குப் போக நினைத்தால் நிர்வாகம் உதவ வேண்டும். புகார் முதலாளி மேலேயே என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம்.

ஆண்கள் பக்கத்திலிருந்து கட்டாயம் ஒரு கேள்வி வரும்: “பொய்ப் புகார் கொடுத்தா?” எரிச்சல்படாமல் பதில் சொல்லுங்கள். வேண்டுமென்றே பொய் சொன்னதாக விசாரணையில் தெரிந்தால் நடவடிக்கை உண்டு. ஆனால் நிரூபிக்க முடியவில்லை என்பதாலேயே புகார் பொய்யாகிவிடாது.

படி 5: சுவரில் ஒட்டுங்கள்

குழுவினர் பெயர், போன் நம்பர், மூன்று மொழியில். ரிசப்ஷனில் மட்டும் ஒட்டினால் விருந்தாளிகள்தான் படிப்பார்கள். பெண்கள் டாய்லெட் கதவின் உள்பக்கமும் ஒட்டுங்கள். அங்கே நின்று நம்பரைக் குறித்துக்கொள்வதை யாரும் பார்க்க மாட்டார்கள்.

வேன் டிரைவர்களுக்கு நான் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு வைக்கிறேன். மற்ற நாளில் அவர்கள் ஒரு சேர ஓரிடத்தில் அகப்படுவதே இல்லை.