40 மீட்டர் டைபோலை நானோவிஎன்ஏ வைத்துச் சரிசெய்வது எப்படி

நானோவிஎன்ஏ என்பது ஆண்டெனாவை அளக்கும் கையடக்கக் கருவி. அது கைக்கு வந்ததும் ஆண்டெனா கேபிளை நேராக மாட்டி எஸ்.டபிள்யூ.ஆர். (ஆண்டெனா எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் விகிதம், 1-ஐ நெருங்கினால் நல்லது) பார்க்கத்தான் கை பரபரக்கும். ஏதோ ஒரு எண்ணும் வரும். ஆனால் அது எந்த இடத்துக்குரிய எண் என்பதைத் தீர்மானிப்பது கேலிப்ரேஷன்தான், அதாவது மதிப்பு தெரிந்த துண்டுகளை மாட்டிக் கருவியைத் திருத்துவது. அதில் பத்து நிமிடம் செலவழியுங்கள்.

40 மீட்டர் என்பது கம்பியின் நீளமல்ல, 7 மெகாஹெர்ட்ஸ் பட்டையின் அலைநீளப் பெயர். டைபோல் என்பது நடுவில் கேபிள் சேர்ந்து இரு பக்கமும் நீளும் கம்பி ஆண்டெனா. 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு அரையலை டைபோல்: 143-ஐ 7.1-ஆல் வகுத்தால் 20.14 மீட்டர். பக்கத்துக்கு 30 செ.மீ. கூடுதலாக விட்டு, மொத்தம் 20.74 மீட்டர் வெட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் அதிர்வெண் எல்லை வைக்கும் ஸ்டிமுலஸ் மெனுவில் ஸ்டார்ட் 6.5, ஸ்டாப் 7.7 மெகாஹெர்ட்ஸ் வையுங்கள். 101 புள்ளிகள் எடுக்கும் கருவியில் புள்ளிக்குப் புள்ளி 12 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி வரும். 1 முதல் 30 வரை என்று விட்டால் இடைவெளி 290 கிலோஹெர்ட்ஸ், நமக்குள்ள 7.0–7.2 பட்டையே 200 கிலோஹெர்ட்ஸ்தான், அதில் ஒரு புள்ளிகூட விழாமல் போகலாம்.

பிறகு கேல் மெனு. ரீசெட் கொடுத்து, கருவியோடு வந்த சிறு கேபிளின் நுனியில் ஓபன் (திறந்த முனை), ஷார்ட் (நேரடி இணைப்பு), லோட் (50 ஓம்) மூன்றையும் வரிசையாக மாட்டி அழுத்துங்கள். ஆண்டெனாவுக்கு எஸ்11, அதாவது திரும்பி வரும் அலையின் அளவு, மட்டும் போதும். இரண்டு போர்ட்களுக்கும் இடையே அளக்கத் தேவையான ஐசொலேஷன், த்ரூ இரண்டையும் விடலாம். டன், சேவ். ரீசெட் கொடுக்காமல் தொடங்கினால் பழைய திருத்தத்தின் மேலேயே புதியது ஏறி அளவு கெடும். கருவியின் சிறு திருகு இணைப்பான எஸ்.எம்.ஏ. கனெக்டரை மாட்டும்போது நட்டை மட்டும் திருகுங்கள். உடலையே சுழற்றினால் நடு ஊசி தேயும்.

லோட் மாட்டியிருக்கும்போது ஸ்மித் வரைபடத்தின் (மின்தடையை வட்டத்துக்குள் புள்ளியாகக் காட்டும் படம்) நடுவில் ஒரே புள்ளி தெரிய வேண்டும். ஓபன் வலது ஓரம், ஷார்ட் இடது ஓரம். புள்ளி சிதறித் துள்ளினால் கனெக்டர் தளர்ந்திருக்கிறது. அதன்பின் அதிர்வெண் எல்லையை மாற்றினால் கருவி இடைமதிப்புகளை ஊகித்துத்தான் காட்டும். அப்போது திரை ஓரத்துப் பெரிய சி எழுத்து சின்ன எழுத்தாகிவிடும். அதைக் கண்டால் மறுபடி கேலிப்ரேட் செய்யுங்கள்.

கேலிப்ரேட் செய்த நுனிக்கு மேல் போடும் அடாப்டர் 3 செ.மீ. இருந்தாலும் 7 மெகாஹெர்ட்ஸில் கவலையில்லை. அதுவே 435 மெகாஹெர்ட்ஸில் ஸ்மித் புள்ளியை 30 பாகைக்கு மேல் சுற்றிவிடும். அங்கே அடாப்டரின் நுனியிலேயே கேலிப்ரேட் செய்ய வேண்டும்.

ஆண்டெனாவை மாட்டுவதற்கு முன் ஆண்டெனாவிலிருந்து இறங்கும் கேபிளான கோஆக்ஸின் நடு ஊசியையும் வெளி உறையையும் ஒரு ஸ்க்ரூடிரைவரால் ஒருசேரத் தொட்டுவிடுங்கள். நீண்ட கம்பியில் சேரும் நிலைமின்சாரம் கருவியின் உள்ளீட்டைக் கொன்றுவிடும். இடி மின்னல் நேரத்தில் அளக்கவே வேண்டாம். பக்கத்தில் இன்னொரு டிரான்ஸ்மிட்டரும் ஓடக் கூடாது.

இப்போது எஸ்.டபிள்யூ.ஆர். பள்ளம், அதாவது கோட்டின் மிகத் தாழ்ந்த இடம், 6.85 மெகாஹெர்ட்ஸில் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். 20.74 × 6.85 ÷ 7.1 = 20.01 மீட்டர். 73 செ.மீ. குறைய வேண்டும், பக்கத்துக்கு 36. உடனே வெட்டாதீர்கள். நுனியை மடித்து, அதே கம்பியோடு நெருக்கமாக முறுக்கி, மறுபடி அதே உயரத்துக்கு ஏற்றி அளந்துபாருங்கள். தாழ இறக்கி வைத்து எடுத்த அளவு உயரத்தில் மாறிவிடும்.

கேபிளின் அடி நுனியில் நின்று ரியாக்டன்ஸ் (சுருள், மின்தேக்கி போன்ற எதிர்ப்பு) எங்கே சுழியாகிறது என்று தேடுவது வீண்வேலை. கேபிள் நீளமே அதை இடம்மாற்றும். எஸ்.டபிள்யூ.ஆர். பள்ளத்தை மட்டும் நம்புங்கள்.

பள்ளம் வழக்கத்தைவிட அகலமாக, எங்கும் நன்றாக இருந்தால் மகிழ வேண்டாம், கேபிளைச் சந்தேகியுங்கள். மேல்நுனியைக் கழற்றித் திறந்தே விட்டு, கீழே ரிட்டர்ன் லாஸ் (அனுப்பியதைவிடத் திரும்பி வருவது எத்தனை டெசிபல் குறைவு என்பது) அளந்து பாதியாக்கினால் ஒருவழி இழப்பு கிடைக்கும். 6 டெசிபல் காட்டினால் இழப்பு 3 டெசிபல். ஆண்டெனாவே இல்லாமல் எஸ்.டபிள்யூ.ஆர். 3 காட்டும் கேபிள் அது! மழைநீர் உள்ளே இறங்கிய கேபிளில் இழப்பு இப்படித்தான் ஏறும்.

கடைசியாக, கோஆக்ஸைக் கையால் இறுகப் பிடியுங்கள். திரையில் கோடு நகர்ந்தால் உறையின் வெளிப்புறத்தில் மின்னோட்டம் ஓடுகிறது, கேபிளும் ஆண்டெனாவாகிவிட்டது. எஃப்டி240-31 ஃபெரைட் வளையத்தில் ஆர்ஜி-58 கேபிளைப் 11 அல்லது 12 சுற்று சுற்றி, கேபிள் ஆண்டெனாவில் சேரும் ஊட்டுமுனையிலேயே அந்த மின்னோட்டத்தைத் தடுக்கும் சோக்காகப் போடுங்கள். அதை ஏற்றுமுன் சோதிக்கலாம்: இம்முறை த்ரூவும் சேர்த்துக் கேலிப்ரேட் செய்து, சோக்கின் இரு முனைகளிலும் உள்ள வெளி உறையை இரண்டு போர்ட்களின் நடு ஊசிகளில் இணையுங்கள். எஸ்21, அதாவது ஒரு போர்ட்டிலிருந்து மறு போர்ட்டுக்குக் கடந்து போகும் அளவு, மைனஸ் 30 டெசிபல் என்றால் தடை ஏறக்குறைய 3000 ஓம். மைனஸ் 20 என்றால் 900 ஓம்தான். இன்னும் இரண்டு சுற்று சேர்த்து அளந்துபாருங்கள்.