முழங்காலில் வலி, இடுப்பில் நோய்: எலும்பு மூட்டு மருத்துவத்தில் தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

போன மாதம் வெளிநோயாளிப் பிரிவில் ஒரு பட்டமேற்படிப்பு மாணவர் என்னிடம் ஒரு சீட்டை நீட்டினார். ஆண், வயது 41. வலது முழங்காலில் நான்கு மாதமாக வலி. முழங்கால் எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. மாத்திரைக்குக் கேட்கவில்லை.

"பிளேட்லெட் ஊசி போட்டுப் பார்க்கலாமா சார்?"

"இடுப்பு மூட்டைச் சுழற்றிப் பார்த்தீர்களா?" என்று கேட்டேன். அவர் பேசாமல் நின்றார்.

இருபது ஆண்டுகளுக்கு முன் நானும் அப்படித்தான் பதில் இல்லாமல் நின்றேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். ஒவ்வாமையைக் கேட்டுக்கொள்வது, அறுவைக்கு முன் இடதா வலதா என்று குறிப்பது போன்றவற்றை யாரும் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பிளேட்லெட் (நோயாளியின் சொந்த ரத்தத்திலிருந்து பிரித்துச் செறிவாக்கிய தட்டணுக்கள்), எலும்பு மஜ்ஜை, ஸ்டெம் செல் (வேறு திசுவாக வளரக்கூடிய மூல உயிரணு) என்று புதிய சிகிச்சைகளைக் கற்க ஆர்வத்தோடு வருகிறவர்கள் எங்கே சறுக்குகிறார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன். நோயாளிகளும் வீட்டாரும் படித்தால் இன்னும் நல்லது. மருத்துவர் பார்க்க மறந்ததை நீங்கள் நினைவூட்டலாம்.

முழங்காலைக் காட்டினார் என்பதற்காக முழங்காலை மட்டும் பார்ப்பது

நான் தனியாக நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கிய இரண்டாம் ஆண்டு. வந்தவர் ஒரு நெசவாளர், வயது 38. குழித்தறியில் நாள் முழுவதும் மிதியை மிதிக்கிற கால். வலது முழங்காலின் உட்பக்கத்தில் வலி என்றார். வேறு காரணம் தேட எனக்குத் தோன்றவே இல்லை. தொழில்தான் காரணம் என்று எழுதினேன். வலி மாத்திரை, தொடைத் தசைக்குப் பயிற்சி, பிறகு முழங்காலுக்குள் ஒரு ஊசி. எட்டு மாதம் இப்படியே போனது. ஒருநாள் விந்தி விந்தி உள்ளே வந்தார். "இப்போதெல்லாம் சம்மணம் போட முடியவில்லை டாக்டர்" என்றார். அப்போதுதான் இடுப்பு எக்ஸ்ரே எடுத்தேன். தொடை எலும்பின் தலை, கிண்ணத்துக்குள் உருள வேண்டிய அந்தப் பந்து, மேல்பக்கம் நசுங்கிக் கிடந்தது.

அவருக்கு இருந்தது அவாஸ்குலர் நெக்ரோசிஸ், சுருக்கமாக ஏவிஎன். பந்துக்குப் போகும் ரத்த ஓட்டம் குறைந்து எலும்பு செத்துப்போகிற நோய். முழங்காலில் எதுவும் கெடவில்லை. இடுப்பு மூட்டுக்குக் கிளை தருகிற ஆப்டுரேட்டர் நரம்பு முழங்காலுக்கும் கிளை தருகிறது. இடுப்பில் எரியும் நெருப்பை மூளை சில நேரம் முழங்காலில் என்று படித்துக்கொள்கிறது. இது உடற்கூறியலின் முதலாண்டுப் பாடம். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். ஆனால் நோயாளி முன்னால் உட்கார்ந்தபோது நினைவுக்கு வரவில்லை.

இன்றுவரை என்னை எரிச்சலூட்டுவது எது தெரியுமா? பார்க்க வேண்டிய சோதனைக்குப் பத்து விநாடி போதும், காசு வேண்டாம். நோயாளியை மல்லாக்கப் படுக்க வையுங்கள். நீட்டிய காலை உள்ளேயும் வெளியேயும் மெல்ல உருட்டுங்கள். பிறகு இடுப்பையும் முழங்காலையும் செங்கோணத்துக்கு மடித்து, பாதத்தை வெளிப்பக்கம் கொண்டுபோங்கள். அப்போது தொடை உள்நோக்கிச் சுழலும். நல்ல இடுப்பு 30, 40 பாகை சுழலும். ஏவிஎன் வந்த இடுப்பில் முதலில் குறைவது பெரும்பாலும் இந்த உள்சுழற்சிதான். சுழற்றும்போது தொடை இடுக்கில் வலித்தால், முழங்கால் ஏட்டை மூடிவிட்டு இடுப்பு ஏட்டைத் திறங்கள்.

நோயாளியின் பேச்சிலும் தடயம் இருக்கும். சம்மணம் போட முடியவில்லை, பைக்கில் காலைத் தூக்கிப்போட முடியவில்லை, குனிந்து நகம் வெட்ட முடியவில்லை என்பார்கள். நம் ஊரில் தரையில் உட்காராத ஆள் குறைவு. ஆகவே சம்மணம் பற்றிய கேள்வியை எல்லா முழங்கால் நோயாளியிடமும் கேட்டுவிடுங்கள்.

அடுத்த பொறி எக்ஸ்ரே. ஏவிஎன் தொடங்கிப் பல மாதங்கள் வரை சாதாரண எக்ஸ்ரே தெளிவாகவே இருக்கக்கூடும். இடுப்பு எக்ஸ்ரே எடுத்தோம், நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டால் மறுபடியும் அதே தவறுதான். உள்சுழற்சி குறைந்திருந்தால் எம்ஆர்ஐ எடுக்க வேண்டும், அதுவும் இரண்டு இடுப்புக்கும். முழங்காலுக்கு மட்டும் எம்ஆர்ஐ எடுத்து அனுப்புகிறவர்களும் உண்டு. நடுத்தர வயதைக் கடந்த முழங்காலில், மூட்டுக்குள் மெத்தைபோல் இருக்கும் சவ்வில் கிழிசல் ஏதாவது தெரியத்தான் செய்யும். அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாமில் 50 வயதுக்கு மேற்பட்ட 991 பேரின் முழங்காலைப் படமெடுத்து 2008-இல் வெளியிட்டார்கள். கிழிசல் இருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு முந்தைய ஒரு மாதத்தில் வலியோ இறுக்கமோ இருந்ததில்லை. அந்தக் கிழிசலின் மேல் பழியைப் போட்டு, நுண்துளை வழியே அதைச் சரியும் செய்து, உண்மையான நோயை இடுப்பிலேயே விட்டுவைத்த கதைகளை நான் பார்த்திருக்கிறேன்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், மீளுருவாக்க சிகிச்சைக்கு, அதாவது கெட்ட திசுவை மீண்டும் வளரவைக்க முயலும் சிகிச்சைக்கு, உண்மையிலேயே இடமிருக்கிற நோய்களில் ஏவிஎன் ஒன்று. ஆனால் அந்தக் கதவு சிறிது காலம்தான் திறந்திருக்கும். பந்து நசுங்குவதற்கு முன் கண்டுபிடித்தால், தொடையின் பக்கவாட்டிலிருந்து துளையிட்டு உள்ளே ஏறிய அழுத்தத்தைக் குறைக்கலாம். இடுப்பெலும்பின் முகட்டிலிருந்து நோயாளியின் சொந்த மஜ்ஜையை எடுத்து, சுழற்றிச் செறிவாக்கி, அந்தத் துளை வழியே செலுத்தலாம். பாரிஸ் அருகே கிரெத்தேய் நகரின் ஆன்ரி மோந்தோர் மருத்துவமனையைச் சேர்ந்த ஃபிலிப் எர்னிகூ இதைப் பல ஆண்டுகள் செய்து, 2002-இல் 189 இடுப்பு மூட்டுகளின் கணக்கை வெளியிட்டார். நசுங்குமுன் செய்த 145 மூட்டுகளில் 9-க்கு மட்டுமே பின்னாளில் செயற்கை மூட்டு தேவைப்பட்டது. நசுங்கிய பின் செய்த 44-இல் 25-க்குத் தேவைப்பட்டது. ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வுதான், அதை மறைக்கவில்லை. ஆனால் இரண்டு எண்களுக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள். அந்த இடைவெளிதான் நான் வீணாக்கிய எட்டு மாதம்.

நெசவாளருக்கு 39 வயதில் வலது இடுப்பு மாற்றப்பட்டது. தரையில் உட்காரக் கூடாது என்று சொல்லி அனுப்பினோம். குழித்தறியில் இறங்க முடியாத நெசவாளர் என்ன செய்வார்? தறியை விற்றுவிட்டு ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதப் போனார். என்மேல் அவருக்குக் கோபம் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டம்.

குழந்தைகளுக்கும் இதே விதிதான். நான்கிலிருந்து எட்டு வயதுக்குள் ஒரு பிள்ளை முழங்கால் வலி என்று விந்தினால், குழந்தைகளின் இடுப்புப் பந்துக்கு ரத்த ஓட்டம் குறைகிற பெர்த்திஸ் நோயை நினையுங்கள். பருத்த உடல்வாகுள்ள பன்னிரண்டு வயதுப் பையன் வந்தால், தொடை எலும்பின் தலை வளர்ச்சித் தட்டிலிருந்து வழுக்கியிருக்கிறதா என்று அன்றைக்கே பாருங்கள். மறுநாளைக்குத் தள்ளாதீர்கள்.

மறு இடுப்பை விட்டுவிடுவது

அடிபடாமல் வருகிற ஏவிஎன்னில் பாதிப் பேருக்கு மேல் இரண்டு பக்கமும் இருக்கும். வலிக்காத பக்கத்தையும் பாருங்கள்.

"ஸ்டீராய்டு எடுத்தீர்களா?" என்று கேட்பது

ஏவிஎன்னுக்கு ஸ்டீராய்டு ஒரு முக்கியக் காரணம், ஆகவே கேட்பது தவறில்லை. அந்தச் சொல்லால் கேட்பதுதான் தவறு. நெசவாளர் தோல் அரிப்புக்காக மூன்று ஆண்டுகளாக மருந்துக்கடையில் பழைய சீட்டைக் காட்டி ஒரு சின்ன வெள்ளை மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுவந்தார். அது பிரெட்னிசோலோன். "ஸ்டீராய்டு" என்றால் அவருக்கு உடற்பயிற்சிக் கூடத்துப் பையன்கள் போடுகிற ஊசி. இல்லை என்றுதான் சொன்னார்.

இப்போது நான் வேறு மாதிரி கேட்கிறேன். மூச்சிரைப்புக்கு, அரிப்புக்கு, மூட்டுவலிக்கு நெடுநாள் ஏதாவது சாப்பிட்டீர்களா? யாராவது பொடி கொடுத்தார்களா? அதைச் சாப்பிட்டதும் வலி மந்திரம் போட்டதுபோல் போனதா, பசி கூடியதா, முகம் உப்பியதா? பெயர் ஒட்டாத மூட்டுவலிப் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது புதிய செய்தி அல்ல. அட்டையையும் பொட்டலத்தையும் அடுத்த முறை கொண்டுவரச் சொல்லுங்கள். ஆனால் நெடுநாள் எடுத்தவரை ஒரே நாளில் நிறுத்தச் சொல்லிவிடாதீர்கள், உயிருக்கே ஆபத்தாகலாம். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

கொரோனாவுக்கு ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்கு ஏவிஎன் வந்ததை மும்பை மருத்துவர்கள் 2021-இல் பதிவு செய்தார்கள். மதுப்பழக்கத்தையும் கேளுங்கள், அதுவும் ஒரு காரணம். ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைகிற அரிவாள் செல் நோயும் அப்படித்தான். நீலகிரிப் பழங்குடி மக்களிடம் அரிவாள் செல் மரபு இருப்பதை ஆய்வாளர்கள் லேமனும் கட்புஷும் 1952-இலேயே எழுதினார்கள். கூடலூர், பந்தலூர் பக்கமிருந்து இளவயதில் இடுப்பு வலியோடு வருபவருக்கு அந்த ரத்தப் பரிசோதனையும் தேவை.

எலும்போடு எலும்பு உரசும் முழங்காலுக்குப் பிளேட்லெட் ஊசி

கெல்கிரென், லாரன்ஸ் இருவரும் 1957-இல் வகுத்த மூட்டுத் தேய்மான நிலைகளில் நான்காவது என்றால் மூட்டு இடைவெளி ஏறக்குறைய இல்லை என்று பொருள். படுக்க வைத்து எடுத்த எக்ஸ்ரே அதை மறைத்துவிடும், நிற்க வைத்து எடுங்கள். நகையை அடகு வைத்து மூன்று ஊசி போட்டுக்கொண்டு, நான்காவதையும் போடலாமா என்று கேட்டு ஓர் அம்மா வந்தார். கால் வில்லாக வளைந்திருந்தது. முதல் ஊசியையே யாரும் போட்டிருக்கக் கூடாது.

ஆரம்ப நிலைத் தேய்மானத்திலும் அளந்து பேசுங்கள். ஆஸ்திரேலியாவில் 288 பேருக்குப் பிளேட்லெட் ஊசியையும் வெறும் உப்புநீரையும் ஒப்பிட்டு 2021-இல் வெளியிட்டார்கள். ஓராண்டு கழித்தும் வலியிலோ குருத்தெலும்பின் அளவிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. நல்ல பலன் காட்டிய சிறிய ஆய்வுகளும் இருக்கின்றன. சிலருக்கு வலி குறைவதை நானும் பார்க்கிறேன், தேர்ந்தெடுத்துப் போடவும் செய்கிறேன். ஆனால் "குருத்தெலும்பு வளர்ந்துவிடும்" என்று நோயாளியிடம் சொல்ல நமக்கு உரிமை இல்லை. எடைக் குறைப்பையும் தொடைத் தசைப் பயிற்சியையும் ஊசியின் பின்னால் ஒளித்துவைக்காதீர்கள்.

பிளேட்லெட் ஊசிக்கு முன் வலி மாத்திரை

ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்லுங்கள். இதயத்துக்காக எடுக்கும் ஆஸ்பிரினை மட்டும் இதய மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

எல்லாவற்றையும் ஸ்டெம் செல் என்று அழைப்பது

பிளேட்லெட் ஊசியில் ஸ்டெம் செல் சிகிச்சை என்று சொல்ல எதுவும் இல்லை. செறிவாக்கிய மஜ்ஜையிலும் அவை மிகச் சொற்பம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 ஸ்டெம் செல் ஆராய்ச்சி வழிகாட்டுதலைப் படித்துவிட்டுப் பிறகு விளம்பரப் பலகை எழுதுங்கள்.

முறிந்த பின் ஒட்டாத எலும்பும் சிகரெட்டும்

சிகரெட்டை நிறுத்தியாக வேண்டும். பேரம் கிடையாது.

வளையச் சட்டத்தைப் போட்டுவிட்டு, திருகக் கற்றுத்தராமல் அனுப்புவது

எலும்பு தானாக வளரும் அதிசயத்தைப் பார்க்க விரும்பினால், கை காலைச் சுற்றிப் போடுகிற இந்த வளையச் சட்டத்தை உருவாக்கிய சோவியத் மருத்துவர் இலிசாரோவைப் படியுங்கள். சைபீரியாவின் குர்கானில் 1950-களில் அவர் கண்டது இதுதான்: எலும்பைப் பக்குவமாக வெட்டி, நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் விலக்கினால், இடைவெளியில் புது எலும்பு வளர்ந்து நிரப்பும். அந்த ஒரு மில்லிமீட்டரையும் நான்காகப் பிரித்து, கால் மில்லிமீட்டராக நான்கு வேளை திருக வேண்டும். என் நோயாளி ஒரு சிறுவன். அவனுடைய அப்பா வேலை முடிந்து இரவு எட்டு மணிக்கு வந்து நான்கையும் ஒரே மூச்சில் திருகிக்கொண்டிருந்தார். மூன்றாவது வாரம் எக்ஸ்ரேயில் இடைவெளி வெறுமையாகத் தெரிந்தபோதுதான் கேட்டேன். அவர் மேல் தவறில்லை. "ஒரு நாளைக்கு நான்கு" என்று மட்டும்தான் நான் சொல்லியிருந்தேன். இப்போது பாட்டி முதல் பக்கத்து வீட்டு அக்கா வரை, பகலில் யார் பிள்ளையோடு இருப்பார்களோ அவர்கள் கையில் சாவியைக் கொடுத்து, என் கண் முன்னால் திருகவைத்த பிறகே அனுப்புகிறேன்.

வலி போனதும் ஊன்றுகோலைப் போட்டுவிடுவது

தொடக்கத்தில் சொன்ன அந்த 41 வயதுக்காரருக்கு வருகிறேன். மாணவர் திரும்பிப் போய் இடுப்பைச் சுழற்றிப் பார்த்தார். பத்துப் பாகைக்கு மேல் போகவில்லை. எம்ஆர்ஐயில் வலது பந்தில் நோய் தெளிவாக இருந்தது, நசுங்கல் இல்லை. வலியே இல்லாத இடது பக்கத்திலும் சிறிய அளவில் தொடங்கியிருந்தது. வலது பக்கம் துளையிட்டு மஜ்ஜை செலுத்தினோம். இடது பக்கத்தை அடுத்தடுத்த படங்களில் பார்த்துவருகிறோம்.

அழுத்தம் குறைந்ததும் வலி சட்டென்று அடங்கிவிடும். நோயாளி குணமாகிவிட்டதாக நினைத்துவிடுவார். ஆனால் துளை போட்ட எலும்பு அந்த வாரங்களில் முன்னைவிட பலவீனமாக இருக்கிறது. முழு எடையையும் வைத்து ஒரு தடவை தடுக்கினால் துளை வழியாகவே முறிந்துவிடலாம். ஆறு வாரம் ஊன்றுகோல் என்று எழுதித்தான் கொடுத்திருந்தோம். பன்னிரண்டாம் நாள் தையல் பிரிக்க ஊன்றுகோல் இல்லாமல் நடந்து வந்தார்.

மாணவர் அவரை எக்ஸ்ரே திரைக்கு முன்னால் அழைத்துப்போய், பந்தை நோக்கிப் போகும் அந்தத் துளையின் கோட்டை விரலால் காட்டினார். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வாசல் பக்கம் திரும்பி, ஆட்டோவில் கிடந்த ஊன்றுகோலை எடுத்துவரச் சொல்லி மனைவியைக் கூப்பிட்டார்.