பாலிசியில் சேராத அடுத்தவர் புத்தகங்கள்

ஐந்து வருடமாகப் பைண்டிங் பட்டறைக்குத் தீக்காப்பீடு கட்டுகிறேன். செப்பனிடும் வேலை தரவிருந்த ஒரு நூலகம், "எங்கள் புத்தகங்களுக்கும் காப்பு உண்டா?" என்று கேட்டது. பாலிசியைப் பார்த்தால், காப்பு கட்டிங் மெஷின், காலிகோ (பைண்டிங் துணி), அட்டைக்கு மட்டும்தான்.

புத்தகங்களும் அதில் அடங்கிவிடும் என்று நினைத்து, சரக்கு மதிப்பை 2 லட்சத்திலிருந்து 5 லட்சமாக உயர்த்தினேன்; பிரீமியம்தான் கூடியது. "சரக்கு என்றால் எல்லாம்தான் சார்" என்றார் ஏஜென்ட். நான்கு நாள் வீண்.

அப்புறம் விலக்குப் பட்டியலின் பொடி எழுத்தில் சிக்கியது: பிறர் நம்மிடம் ஒப்படைத்த பொருட்கள், கையெழுத்துப் பிரதிகள் வெளிப்படையாகக் குறிப்பிட்டால்தான் சேரும். இரண்டையும் பெயர் சொல்லி எண்டார்ஸ்மென்ட் (பாலிசியோடு சேரும் திருத்தக் குறிப்பு) வாங்கினேன். நூலகம் ஒப்புக்கொண்டது. நிம்மதி.

என் ரசீதிலும் ஓட்டை: 'புத்தகம் 1, கூலி ₹350'. புத்தகத்தின் மதிப்பு எங்கே? இப்போது அதற்கொரு கட்டம் போட்டு, கொடுப்பவரிடம் கையெழுத்தும் வாங்குகிறேன்.