கப்பெலில் வீடு வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன சனிக்கிழமை கப்பெல் உழவர் சந்தையில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தேன். தெரிந்த தம்பி ஒருவர் வந்து போனை நீட்டினார். "அண்ணா, இந்த வீடு பாருங்க. ஸ்கூலுக்கு நடந்தே போயிடலாம். வருஷ வரி வெறும் 6,100தான்!" விலையைப் பார்த்தேன், 6,50,000 டாலர். அந்த விலைக்கு அந்த வரி என்றதும் எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. 2013இல் நானும் இதே மாதிரி ஓர் எண்ணைக் காட்டி மனைவியிடம் பீற்றிக்கொண்டவன்தான்.

கப்பெல், அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் டல்லாஸ்-ஃபோர்ட் வொர்த் விமான நிலையத்துக்கு வடக்கே ஒட்டிக்கொண்டிருக்கும் சின்ன ஊர். 2020 கணக்கெடுப்பில் சுமார் 43,000 பேர். ('காப்பல்' என்று சொன்னால் நீங்கள் புதுசு என்று தெரிந்துவிடும். அழுத்தம் 'பெல்'லில்.) பகலில் ஐடி வேலை பார்த்துக்கொண்டு, வார இறுதியில் நம்மவர்களுக்கு வீடு காட்டுகிறேன். இன்ஸ்பெக்‌ஷன் வையுங்கள், கடனுக்கு நாலு இடத்தில் விசாரியுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். படித்தவர்களே திரும்பத் திரும்ப விழும் குழிகள் மட்டும் இங்கே.

முகவரியில் ஊர் பெயரைப் பார்த்து முடிவு செய்வது

இங்கே முகவரி, நகராட்சி, பள்ளி மாவட்டம் (பிள்ளைகள் எந்தப் பள்ளிகளில் சேரலாம் என்பதைத் தீர்மானிக்கும் எல்லை) மூன்றும் தனித்தனி. சைப்ரஸ் வாட்டர்ஸ் என்ற குடியிருப்புப் பகுதி இருப்பது டல்லாஸ் நகர எல்லைக்குள், ஆனால் அங்குள்ள பிள்ளைகளில் பெரும்பாலோர் கப்பெல் பள்ளி மாவட்டம். வேலி ரான்ச் என்ற பகுதி பக்கத்து ஊரான இர்விங்கில் இருக்கிறது, அதிலும் ஒரு பகுதி கப்பெல் பள்ளி. மாறாக, கப்பெல் ஊருக்குள்ளேயே ஒரு பகுதி கேரோல்டன்-ஃபார்மர்ஸ் பிராஞ்ச் பள்ளி மாவட்டத்தில் சேர்த்தி. "கப்பெல் முகவரி, கப்பெல் ஸ்கூல்தானே" என்று அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்து கேட்ட குடும்பம் ஒன்று எனக்குத் தெரியும். வீட்டு எண்ணைப் பள்ளி மாவட்டத்தின் தளத்தில் போட்டுப் பார்க்க ஒரு நிமிஷம்கூட ஆகாது.

பக்கத்துத் தெருப் பள்ளி எப்போதும் அங்கேயே இருக்கும் என்றும் நம்பவேண்டாம். பிங்கர்ட்டன் தொடக்கப்பள்ளியை 2025 கோடையோடு மூடிவிட்டார்கள்.

பழைய ஓனர் கட்டிய வரியை உங்கள் வரி என்று நினைப்பது

டெக்சஸில் மாநில வருமான வரி கிடையாது. அந்தச் சந்தோஷத்தில் வரும் எல்லோரும் அதற்குச் சேர்த்து வீட்டு வரியில் வாங்கிவிடுவார்கள் என்பதை மறந்துவிடுகிறார்கள். நகராட்சி, பள்ளி மாவட்டம், டல்லாஸ் கவுண்டி, பார்க்லாண்ட் மருத்துவமனை மாவட்டம், டல்லாஸ் காலேஜ் என்று ஐந்து கைகள் ஒரே பில்லில் நீளும். எல்லாம் கூட்டினால் 100 டாலர் மதிப்புக்கு 2 டாலர் பக்கம் வரும். 6,50,000 டாலர் வீட்டுக்கு விலக்கு ஏதும் இல்லாவிட்டால் 13,000. அப்படியானால் தம்பி காட்டிய 6,100 எங்கிருந்து வந்தது?

வீட்டை விற்பவர்கள் முப்பது வருஷமாக அங்கே குடியிருக்கும் வயதான தம்பதி. 65 வயது தாண்டியவர்களுக்குப் பள்ளி வரி ஓர் அளவில் உறைந்து நின்றுவிடும், அதற்குமேல் ஏறாது. தவிர, குடியிருக்கும் வீட்டுக்கு ஹோம்ஸ்டெட் விலக்கு உண்டு. அது இருந்தால், வரி போடும் மதிப்பு வருஷத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது. சந்தை எவ்வளவு துள்ளினாலும் இந்தக் கூரை அவர்களைக் காப்பாற்றிக்கொண்டே வந்திருக்கும். வீடு கைமாறினால் அடுத்த ஜனவரி 1 அன்று அத்தனையும் போய்விடும். முழுச் சந்தை மதிப்பு உங்கள் தலையில்.

என் கதையைச் சொல்கிறேன். 2013 ஜூனில் வாங்கினோம். இணையத்தில் பார்த்த வரி 5,600. கடன் கம்பெனியும் அதையே வைத்து மாதாமாதம் எஸ்க்ரோவுக்கு (வரி கட்டுவதற்காக அவர்களே தவணையோடு பிடித்து வைக்கும் கணக்கு) பிடித்தது. அந்த வருஷ பில்லும் 5,600தான் வந்தது, நான் இன்னும் குஷியாகிவிட்டேன். 2014 பில் வந்தபோது 10,000. அதைக் கம்பெனி கட்டிவிட்டு, 2015 தொடக்கத்தில் எனக்கு ஒரு கடிதம் போட்டது. பள்ளம் 4,400 டாலர். அதைப் பன்னிரண்டு மாதத்தில் அடைக்க மாதம் 367, இனி வரும் வருஷத்துக்கு மாதம் இன்னொரு 367. ஒரே கடிதத்தில் மாதத் தவணை 730 டாலர் ஏறியது. வீடு வாங்கி சோபாகூட முழுசாக வாங்கி முடிக்கவில்லை. அந்த வருஷம் ஊருக்குப் போகும் டிக்கெட்டை ரத்து செய்தோம். அம்மாவிடம் "ஆபீஸில் லீவு இல்லை" என்று பொய் சொன்னேன்.

இன்னும் எரிச்சல் எதில் என்றால், ரெஜிஸ்ட்ரேஷன் மேஜையைச் சுற்றி அன்று நாலு பேர் இருந்தார்கள். நாலு பேருக்கும் இது தெரியாமல் இருந்திருக்காது. ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. சரி, அவர்களுக்கு அது வேலை இல்லை. நான் கேட்டிருக்க வேண்டும்.

இரண்டாவது அசட்டுத்தனம் முழுக்க என்னுடையது. ஹோம்ஸ்டெட் விலக்கு தானாக வராது, நாம் விண்ணப்பிக்க வேண்டும். 2014இல் அனுப்பினேன், திரும்பி வந்துவிட்டது. டிரைவிங் லைசென்ஸில் இர்விங் அபார்ட்மெண்ட் முகவரி! லைசென்ஸ் முகவரியும் வீட்டு முகவரியும் ஒன்றாக இருக்க வேண்டும். லைசென்ஸை மாற்ற சோம்பல்பட்டுத் தள்ளிப்போட்டு, அந்தக் கடிதம் வந்த பிறகுதான் ஓடினேன்.

அன்று பள்ளி வரியில் விலக்கு 15,000 டாலர் மதிப்புக்குத்தான். அப்புறம் 25,000, 40,000 என்று ஏறி, 2023இல் ஒரு லட்சமானது. 2025 நவம்பர் வாக்கெடுப்புக்குப் பிறகு 1,40,000. பள்ளி வரி நூற்றுக்கு 1 டாலர் என்று வைத்தால் வருஷம் 1,400 டாலர் மிச்சம். ஒரு லைசென்ஸ் கார்டுக்காக இதை விடுவார்களா? விடுகிறார்கள். வருஷத்துக்கு ரெண்டு பேரையாவது பார்க்கிறேன்.

ஆகவே, வீடு பிடித்திருந்தால் முதலில் கவுண்டி மதிப்பீட்டு அலுவலகத்தின் தளத்துக்குப் போங்கள். கப்பெலின் பெரும்பகுதி டல்லாஸ் கவுண்டி, வடக்கே ஒரு துண்டு மட்டும் டென்டன் கவுண்டி. எது என்று பார்த்துப் போங்கள். வரித் தொகையைப் பார்க்காதீர்கள். சந்தை மதிப்பு, வரிக்குரிய மதிப்பு, இரண்டுக்கும் நடுவே என்னென்ன விலக்கு என்று பாருங்கள். இரண்டுக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால் அது பழைய ஓனரின் அதிர்ஷ்டம், உங்களுடையது இல்லை. நீங்கள் கொடுக்கப்போகும் விலையை வைத்து நீங்களே பெருக்குங்கள். கடன் கம்பெனி அதைவிடக் குறைவாகப் பிடித்தால் மிச்சத்தை மாதாமாதம் தனிக் கணக்கில் போட்டுவையுங்கள்.

ஹோம்ஸ்டெட் விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. வீடு வாங்கிய சில வாரங்களில் அரசாங்க முத்திரை மாதிரி ஒன்றைப் போட்டு "விலக்கு வாங்கித் தருகிறோம், இவ்வளவு அனுப்புங்கள்" என்று கடிதம் வரும். குப்பையில் போடுங்கள்.

மதிப்பீட்டு நோட்டீஸை மூடி வைப்பது

கவுண்டி உங்கள் வீட்டுக்குப் போட்ட மதிப்பு அதிகம் என்று பட்டால் ஆட்சேபிக்கலாம். கெடு மே 15 அல்லது நோட்டீஸ் அனுப்பிய நாளிலிருந்து 30 நாள், எது பிந்தியதோ அது. விரிசல், பழைய கூரை எல்லாவற்றையும் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள்.

தெற்குக் காற்றில் மட்டும் வீட்டைப் பார்ப்பது

விமானங்கள் காற்றுக்கு எதிர்முகமாகத்தான் ஏறும், இறங்கும். தெற்குக் காற்று அடித்தால் வடக்கிலிருந்து மெதுவாக இறங்கும், குளிர்காற்று வடக்கிலிருந்து வந்தால் இந்தப் பக்கமாக உறுமிக்கொண்டு ஏறும். சில தெருக்களில் இரண்டு நாளுக்கும் ஏக வித்தியாசம். ஒரு நண்பர் வீட்டை ஏப்ரலில் பார்த்து மயங்கி வாங்கினார். ஜனவரியில் காலை ஆறு மணிக்கு எனக்குப் போன் செய்து, பேசாமல் ஜன்னல் பக்கம் பிடித்தார்.

ஆலங்கட்டி மழையை வேடிக்கை பார்ப்பது

இன்ஷூரன்ஸில் ஆலங்கட்டி, காற்றுக்கான டிடக்டிபிள் (இழப்பில் முதலில் நாம் ஏற்க வேண்டிய பங்கு) டாலரில் இருக்கிறதா, சதவீதத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். 6,00,000 டாலர் காப்பீட்டில் 2 சதவீதம் என்றால் முதல் 12,000 உங்கள் பையிலிருந்து. பாதிக் கூரை அதிலேயே போய்விடும்.

அஸ்திவாரத்துக்குத் தண்ணீர் காட்டாதது

கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலைப் பார்த்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், இங்கேயும் காய்ந்தால் பிளக்கும் களிமண்தான். ஆகஸ்டில் சுவரைச் சுற்றிச் சொட்டுக் குழாய் போடுங்கள்.

டோல்டேக் (காரில் ஒட்டும் சுங்கக் கட்டண ஸ்டிக்கர்) இல்லாமல் 121 சுங்கச்சாலையில் ஏறுவது

வேண்டாம்.